ஒரே முகவரியில் இருவர்

1

கதிரேசன் மாமாவுக்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்தது புஷ்பாதான் என்று எங்கள் குடும்பம் நம்பியது. பொங்கலன்று அவள் பீடோங்கில் உள்ள அவர் வீட்டுக்கு இருமிக்கொண்டே வந்தாள்; கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்; தன் அண்ணன் தட்டில் இருந்த வடையில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. தை முடிவதற்குள் அவர் இல்லை. இந்த வரிசையைப் பார்த்தவர்கள் வேறெப்படி நம்பியிருக்க முடியும்?

கதிரேசன் என் கணவர் கணேசனின் அண்ணன். லாரி ஓட்டியவர். புஷ்பா அவர்கள் இருவருக்கும் தங்கை. லூனாஸ் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதன் விடுதியிலேயே தங்கியிருந்தாள். கணவன் விட்டுப் போய்விட்டான், பிள்ளை இல்லை. அவள் தன் வீடு என்று சொல்லிக்கொண்டது பெரிய அண்ணன் வீட்டைத்தான்.

நான் மன்னார்குடியில் பிறந்தவள். நுண்ணுயிரியல் படித்து, திருமணமாகி, மலேசியாவின் வடக்கே இருக்கும் இந்தக் கெடா மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றும் இன்றும் சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை. புஷ்பாவின் மூக்குச்சளி மாதிரியும் மாமாவின் மாதிரியும் என் மேசைக்கு வந்துதான் போயின.

2

மாமாவின் நான்காவது திதி முடிந்த மறுவாரம் புஷ்பா தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, ஒரு நாள் லீவு போட முடியுமா? ஐசி மாத்தணும். தனியாப் போனா வெரட்டி விட்டுர்றாங்க."

ஐசி என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டை. தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வேலை போன புஷ்பா, லூனாஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்து இருக்கிறாள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். அட்டையில் உள்ள முகவரியில் வீடே இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் எண் வர ஒன்றரை மணி நேரமாயிற்று. முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அட்டையைச் செருகி, திரையைப் பார்த்து, இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டாள்.

"சூடா தாடா," என்றாள் புஷ்பா. இப்போது இல்லை என்று பொருள்.

அந்தப் பெண் சலிப்பில்லாமல் அடுத்ததைக் கேட்டாள். தோட்டம் எப்போது போயிற்று, அதன்பின் எங்கே இருந்தீர்கள், இத்தனை ஆண்டுகளாக ஏன் மாற்றவில்லை. புஷ்பா என்னைப் பார்த்தாள். என் மலாய் இன்றும் பாடப்புத்தக மலாய். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நான் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர்கள் நிதானமாகி, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். தோட்டத்து ஆட்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள், அதனால் அட்டையை மாற்றவில்லை என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

கோலா கெத்தில் போகும் வழியில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். புதுமணப்பெண்ணாக என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டு வரிசை லயத்து வீடுகளும் ஒரு சிறிய மாரியம்மன் கோயிலும் இருந்தன. அடுத்த ஆண்டே மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் விற்றார்கள். லயங்கள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் பீடோங்குக்கும் லூனாஸுக்கும் சுங்கை பட்டாணியின் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? அட்டையில் எல்லோரும் தோட்டத்திலேயே இருந்தார்கள்.

கதிரேசன் மாமாவிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். "தோட்டத்த வித்தவன் அட்ரஸையும் சேத்தா வித்தான்?" என்று சிரித்தார். "அது எங்கப்பா அட்ரஸும்மா. இருந்துட்டுப் போவட்டும்."

3

கொரோனாப் பரிசோதனை முடிவு என்று மக்கள் கையில் கொடுக்கப்படும் தாளில் ஒரே சொல்தான் இருக்கும்: தொற்று உண்டு, அல்லது இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இயந்திரம் வரைந்த கோடுகள் இருக்கும். அவற்றைப் பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் பயன்படுத்திய முறை, கிருமியின் மரபுச் சரத்தில் மூன்று இடங்களைத் தேடும். மூன்றும் கிடைத்தால் மூன்று கோடுகள் தரையிலிருந்து மேலே ஏறும்.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய மார்கழிக் கடைசியில் சில மாதிரிகளில் இரண்டு கோடுகள் நன்றாக ஏறின. மூன்றாவது தரையோடு படுத்துக் கிடந்தது. முதலில் சோதனைக்குக் கலக்கும் மருந்தில் குறை என்று நினைத்தேன். பிறகு அயல்நாடுகளிலிருந்து வந்த செய்திகளைப் படித்தபோது விளங்கியது. புதிதாக வந்த ஒமிக்ரான் வகை அந்த ஓர் இடத்தில் மாறியிருந்தது. எங்கள் முறையால் அங்கே அதைப் பிடிக்க முடியவில்லை. பழைய டெல்டாவாக இருந்தால் மூன்று கோடுகளும் எழும். ஆக, ஒரு கோடு விழுந்திருந்தால் புதிய வகை. மரபுச் சரத்தை முழுதாகப் படிக்கும் வசதி எங்களிடம் இல்லை. ஆனால் கீழே கிடக்கும் கோடுகளை எண்ணினால் புதிய வகை எந்த ஊரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணித்துவிடலாம்.

எங்கள் தலைவர் லிம்மிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "வாரா வாரம் பட்டியல் போடு. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பலாம். பெயர் வேண்டாம், முகவரி போதும்," என்றார்.

அந்தச் சில வாரங்கள் நான் செய்த வேலையில் எனக்குப் பெருமிதம் இருந்தது, மறைப்பதற்கில்லை. சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினேன். புதிய வகை விழுந்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு. லூனாஸ் தொழிற்சாலை விடுதிகள் முதலில் சிவந்தன, பிறகு சுங்கை பட்டாணி. மருத்துவமனைகளுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் ஒரு வேலையில் நான் முதல் ஆளாக நின்றது அப்போதுதான்.

4

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் மாதிரிகள் வந்தன. ஒவ்வொன்றின் கோடுகளையும் திறந்து பார்க்க நேரமில்லை. எனவே ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன். ஒரே முகவரியிலிருந்து பலர் வந்திருந்தால், முதலில் வந்தவரின் கோடுகளை மட்டும் பார்ப்பேன். அவருக்குப் புதிய வகை என்றால் அந்த வீட்டில் மற்றவர்களுக்கும் அதுவே என்று எழுதிக்கொள்வேன். ஒரு வீட்டுக்குள் பரவுவது ஒரு வகைதானே என்பது என் எண்ணம். முகவரியை அடையாள அட்டையிலிருந்து இயந்திரமே எடுத்துக்கொடுத்தது.

தையின் நடுவில் என் வரைபடத்தில் கோலா கெத்தில் சாலையோரம் பெரிய சிவப்புத் திட்டு ஒன்று விழுந்தது. ஒரே தோட்டம், நாற்பதுக்கு மேற்பட்டவர்கள். மாவட்டத்திலிருந்து நடமாடும் பரிசோதனை வண்டி ஒன்றை அங்கே அனுப்பினார்கள். வண்டி போய்ச் சேர்ந்தபோது அங்கே வீடமைப்புக்காகச் சமப்படுத்திய செம்மண் வெளியும் ஒரு காவல் கொட்டகையும் இருந்தன. தோட்டத்தின் பெயரைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அது என் கணவர் பிறந்த தோட்டம். ஆனால் நான் பொட்டுகளைத்தான் பார்த்தேன், பெயரைப் படிக்கவில்லை.

அதே பட்டியலில், அதே லயத்தின் அதே கதவு எண்ணில், இரண்டு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை தொழிற்சாலைப் பரிசோதனையில் வந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அடுத்த புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் ஆண். அவருக்கும் புதிய வகை என்று நான் எழுதியிருந்தேன், கோடுகளைத் திறக்காமலே.

மாமா இறந்த மூன்றாம் நாள், மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி மாமாவின் மனைவி இந்திராணி அக்காவை அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்துச் சொன்னார்.

"ஆபீஸ்காரவுங்களே சொல்லிட்டாங்க. ஒரே வீட்டுக் கேஸாம். அவளுக்குத்தான் மொதல்ல வந்திருக்கு, அவகிட்டேருந்து இவருக்கு. கூடப் பொறந்தவ கொண்டாந்து குடுத்துட்டுப் போய்ட்டா."

அதுவரை சந்தேகமாக இருந்தது அன்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை எழுதியவள் நான்.

5

பதினாறாம் நாள் கருமாதிக்குப் புஷ்பா வந்தாள். தனிமைக் காலம் முடிந்து, எதிர்மறை முடிவுத் தாளையும் கையில் வைத்திருந்தாள். இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு தூக்குச்சட்டியோடு நின்றாள். மாமாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல். படையலில் வைக்க.

இந்திராணி அக்கா எழுந்திருக்காமலே சொன்னார்: "கணேசா, அவள உள்ள விட்டா நான் வெளிய போய்டுவேன்."

என் கணவர் கதவருகே போனார். "புஷ்பா, இப்ப வேணாம். போ."

"நான் உள்ள வரல ணே. இத மட்டும் வெச்சிருங்க."

"அண்ணனுக்கு நீ குடுத்தது போதும்," என்றார் அவர். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

அவள் சட்டியைக் கதவின் கீழே வைத்துவிட்டுப் போனாள். மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோதும் அது அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. நானும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் மாமாவின் கோப்பைத் திறந்தேன். ஏன் என்று என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவருடைய உடலிலிருந்து எடுத்த ஏதோ ஒன்று அந்த இயந்திரத்தில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்று கோடுகளும் எழுந்திருந்தன. தெளிவாக, வலுவாக. அவருக்கு வந்தது புஷ்பாவுக்கு வந்த வகையே அல்ல.

பிறகு நான் திறக்கக் கூடாத இன்னொரு கோப்பைத் திறந்தேன்.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்துப் பேராக் மாநிலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தாள். பொங்கல் வெள்ளிக்கிழமை; விடுமுறைக்கு அவள் புதன்கிழமையே வந்துவிட்டாள். பேருந்து நிலையத்திலிருந்து அவளை அழைத்து வந்தது மாமாதான். தன் பழைய வேனில் அவளுக்காகவே ஏர்கோன் பழுது பார்த்து வைத்திருந்தார். கண்ணாடிகளை ஏற்றி விட்டுக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் இறங்கியதும் அவள், "மா, தொண்ட ஒரு மாதிரி இருக்கு," என்றாள். "ஏர்கோன் குளிர்தான், சுடுதண்ணி குடி," என்றேன். விடுதிக்குத் திரும்பும் முன் பரிசோதிக்க வேண்டியிருந்ததால் திங்களன்று நானே மாதிரி எடுத்தேன். தொற்று உண்டு என்று வந்தது. அத்தையால்தான் இவளுக்கும் என்று குடும்பம் சொன்னது.

அவளுடைய கோப்பிலும் மூன்று கோடுகள்.

நான் அறிவியல் படித்தவள் என்பதால் சரியாகச் சொல்ல முயல்கிறேன். மூன்று கோடுகள் எழுந்தால் அது டெல்டாதான் என்று சத்தியம் செய்ய முடியாது. புதிய வகையிலேயே பின்னால் வந்த ஒரு கிளைக்கும் மூன்றும் எழும். டெல்டாவாகவே இருந்தாலும் மாமா லாரியில் போன எத்தனையோ இடங்களில் அது வந்திருக்கலாம். ஆக, என் மகளிடமிருந்துதான் வந்தது என்பது உறுதியல்ல. புஷ்பாவிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் கூடத்தில் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போ யார்? அந்த வாரம் அவரோடு யார் இருந்தார்கள்? புதன்கிழமை என்று ஒருவர் தொடங்குவார்.

கணினியை மூடினேன். பட்டியலைத் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் திறந்தாய் என்று லிம் கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மையான காரணங்கள்தான்.

6

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் என் பெயர் நான் இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் வரை இருந்தது. யாரும் நீக்கவில்லை. என் பங்குச் சர்க்கரையை மாதாமாதம் வாங்கிவந்து, "உன் சர்க்கரைல காப்பி குடிக்கிறோம்டி," என்று அம்மா தொலைபேசியில் சொல்வாள். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே கண்ணுக்கெட்டியவரை செம்பனை. வாசலில் நின்றால் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் போகும். அந்த ஊரில் இன்னும் என் பெயருக்கு ஒரு பங்கு எடை போடுகிறார்கள் என்பது ஒரு துணையாக இருந்தது. புதிய அட்டை வந்தபோது பெயர் போயிற்று. அம்மா அடுத்த ஆண்டு போனாள்.

ஒரு பெயர் ஓர் இடத்தில் எழுதப்பட்டிருப்பதால் அந்த ஆள் அங்கே இருப்பதாக ஆகிவிடாது என்று, எல்லோரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தர்ஷினி இப்போது மெல்பர்னில் இருக்கிறாள். அழைப்புகள் குறைந்துவிட்டன. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவாள். தமிழ் படிக்க மாட்டாள். அரசாங்கப் பள்ளியில் போட்டோம். வீட்டில் சொல்லித்தர எனக்கு ஓய்வு வரவில்லை. அதை ஒரு குறையாக நெடுநாள் சுமந்தேன். இப்போது இதை எழுதும் துணிச்சலே அதிலிருந்துதான் வருகிறது.

கிளம்பிப் போவதற்கு முந்தைய வாரம் அவள் ஒருமுறை கேட்டாள். சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"மா, பெரியப்பாவுக்கு நான் குடுத்திருப்பனா? அன்னிக்கி வேன்ல..."

"இல்ல," என்றேன். "அத்தைகிட்டேருந்து வந்துச்சு. எல்லாருக்கும் தெரியுமே."

அவள் மூச்சை விட்டாள். ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். குடும்பம் நம்பியதை நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன் என்று அதுவரை சொல்லிக்கொள்ள முடிந்தது.

பரிசோதனைகள் நின்ற பிறகு அந்த இயந்திரத்தைக் கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கோப்புகளை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்தார்கள். அழிக்கும் நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும். அன்று நான் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தேன். மாவட்டத்துக்கு அனுப்பிய பட்டியல் மட்டும் எங்கோ பத்திரமாக இருக்கும்.

7

பதிவு அலுவலகத்தில் அந்தப் பெண் புதிய முகவரிக்குச் சான்று கேட்டாள். புஷ்பாவுக்கு அறை கொடுத்தவர் மின்கட்டணத் தாளைத் தர மறுத்துவிட்டார் என்று எனக்கு முன்பே தெரியும். என் கைப்பையிலிருந்து எங்கள் வீட்டுத் தாளை எடுத்து வைத்தேன். முதல் நாள் கணேசனிடம் கேட்டிருந்தேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அட்ரஸ் வேணா குடுத்துக்க. ஆளக் கூட்டியாந்துறாத," என்றார். நான்கு ஆண்டுகளாக அவர் தங்கையோடு பேசவில்லை.

புதிய அட்டை கைக்கு வந்ததும் புஷ்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோல கெழவி மாதிரி இருக்கேன் லா," என்றாள்.

லூனாஸுக்குத் திரும்பும் சாலையில், காரை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

"புஷ்பா, அண்ணனுக்கு உன்னால வரல."

அவள் சிரித்தாள். "நீங்க நல்லவுங்க அண்ணி. மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. ஆபீஸ்லயே எழுதிட்டாங்களே."

"அந்த எழுத்து தப்பு. உனக்கு வந்தது வேற வகை, அண்ணனுக்கு வந்தது வேற. நான் கண்ணால பாத்தேன்."



"எப்பப் பாத்தீங்க?"

"கருமாதிக்கு மறுநாள்."

அவள் விரலால் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பவேவா?" என்றாள்.

முன்னால் போன மோட்டார் சைக்கிளைத் தாண்டி ஓட்டினேன்.

"அந்தத் தாள் இருக்கா அண்ணி? பெரியண்ணிகிட்ட காட்டலாம். கணேசன் அண்ணன்கிட்ட..."

"இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க."

"தாள் இல்லாம நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க."

"அப்ப யாரு குடுத்தது?"

"தெரியாது," என்றேன். அறிவியலின்படி அது உண்மையான பதில்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு சமிக்ஞை விளக்கில் நின்று கிளம்பினோம். பிறகு, "தர்ஷினி எப்படி இருக்கு? போன் பண்ணுதா?" என்று கேட்டாள். புரிந்துகொண்டு கேட்டாளா, பேச்சை மாற்றக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறாள் என்றேன். கடைவீட்டு வாசலில் இறங்கியவள் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டு முகவரியில் இப்போது நான்கு பேர் பதிவாகியிருக்கிறோம்: கணேசன், நான், தர்ஷினி, புஷ்பா. வீட்டில் இருப்பது நானும் கணேசனும்.